சிவப்புச் சிலுவைப் பெட்டியின் திறப்பு

அந்தத் திறப்பைக் கண்டாலே பரமலிங்கத்துக்கு வயிற்றுக்குள் ஏதோ புளித்துவிடும். பெரிய திறப்பும் இல்லை. சுண்டுவிரலில் பாதி வராத பித்தளைச் சாவி. விமானத்தின் பின்பக்கத்தில், தேநீர்ப் போத்தல்கள் அடுக்குகிற தட்டுக்கு மேலே, சிவப்புச் சிலுவை போட்ட தகரப் பெட்டி ஒன்று மாட்டியிருந்தது. பஞ்சு, பந்தனத் துணி, அயடின், முகர்கிற உப்பு எல்லாம் அதற்குள். அந்தப் பெட்டியைப் பூட்டித் திறக்கிற திறப்பு அற்புதராணியின் இடுப்புப் பட்டியில் தொங்கியது. அவள் நடக்கும்போது பட்டியின் கொளுக்கியில் பட்டு மெல்லிய ஒரு கிணுகிணுப்பு வரும். இரண்டு எஞ்சின்களும் போடுகிற இரைச்சலில் வேறு யாருக்கும் அது கேட்காது. பரமலிங்கத்துக்குக் கேட்கும்.

நாற்பத்தெட்டாம் ஆண்டு அது. இரத்மலானையில் எழும்பி, பலாலியில் இறங்கி, அங்கிருந்து மதராசுக்குப் போய்த் திரும்புகிற டக்கோட்டா விமானத்தில் அவன் ஸ்ருவாட். பயணிகளை இருத்தி, பட்டி கட்டிவிட்டு, தேநீரும் பிஸ்கோத்தும் கொடுத்து, இறக்கிவிடுகிற வேலை. இணுவிலில் புகையிலைத் தோட்டக்காரர் பொன்னம்பலத்தின் மகன். கிணற்றுத் துலா மிதிக்க ஏறினால் தலை சுற்றுகிறது என்று தோட்டத்தை விட்டவன் ஆகாயத்தில் வேலைக்குப் போனதை இணுவிலில் பெரிய பகிடியாகக் கதைத்தார்கள். இடையில் அவன் சும்மா இருக்கவில்லை. கொழும்பு மெயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் தட்டுக் கழுவினான். சண்டைக் காலத்தில் பலாலியில் வெள்ளைக்கார விமானக்காரரின் உணவுச்சாலையில் நின்று, ஒரு கையில் தட்டையும் மறு கையில் கேத்தலையும் பிடித்துக்கொண்டு ஒரு துளி சிந்தாமல் நடக்கப் படித்தான். கம்பனிக்காரர் விமானம் விட்டபோது, அந்த நடையைப் பார்த்துத்தான் அவனை எடுத்தார்கள்.

அற்புதராணி குருநகர் செபநாயகத்தின் மகள். தகப்பனுக்குக் கடல் தொழில். மிஷன் ஆசுபத்திரியில் தாதி வேலை பழகியவள். அவள் வந்த நாளில் பரமலிங்கம் அவளுக்குத் தேநீர்த் தட்டு எப்படிப் பிடிப்பது என்று காட்டிக் கொடுத்தான். அந்த ஒரு நாள்தான் அவளைவிடத் தான் உயர்ந்தவன் என்று அவன் நிம்மதியாக இருந்தது.

அதற்குப் பிறகு கொழும்பில் முதலுதவி வகுப்பு நடந்தது. கற்பித்தவர் ஒரு பறங்கி டொக்டர். ஆகாயத்தில் ஒருவருக்கு மயக்கம் வந்தால் என்ன செய்வது, வலிப்பு வந்தால் என்ன, மூக்கில் இரத்தம் வந்தால் என்ன, தொண்டையில் ஏதும் அடைத்தால் என்ன என்று சொல்லிக்கொண்டு போனார். பரமலிங்கம் எல்லாவற்றையும் தேவாரம் போலப் பாடமாக்கினான். கேட்ட கேள்விக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல் விடை சொன்னான். டொக்டர் தலையாட்டினார். பிறகு அற்புதராணியைக் கேட்டார். அவள் விடை சொல்லாமல் எழுந்து, நோயாளியாகக் கிடந்தவனுடைய கண் மடலைத் தூக்கிப் பார்த்தாள். டொக்டர் அதற்குச் சிரித்தார். வகுப்பு முடிகிற நாளில் திறப்பை அவளுடைய கையில் கொடுத்தார்கள்.

டொக்டரின் அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துப் பரமலிங்கம் எத்தனையோ நாள் சோற்றை அளைந்துகொண்டிருந்தான்.

அன்று தொடங்கி இணுவில் வீட்டில் அவனுடைய மனைவி கனகாம்பிகைக்குக் கை கால் சொந்தமில்லாமல் போனது.

"இஞ்சேரப்பா, இஞ்சை வா. உன்ரை கை முறிஞ்சு போச்செண்டு வை."

"முறியட்டும். அடுப்பிலை சோறு பொங்குது."

"கை முறிஞ்சவள் எப்பிடிச் சோறு இறக்கிறது? இரு."

அவன் அவளுடைய வலக்கையை மடித்து, முக்கோணத் துணியைப் போட்டுக் கழுத்தில் முடிந்தான். அவிழ்த்தான். மறுபடி முடிந்தான். குசினியிலிருந்து அடிப்பிடித்த மணம் வந்தது.

"இறுக்கமோ?"

"இதை அந்த ராணி எப்பிடிக் கட்டுவாள்?"

கேள்வியின் பின்னால் என்ன இருக்கிறது என்று யோசியாமல் அவன் உண்மையைச் சொன்னான். "ராணி கொஞ்சம் தளர விட்டுத்தான் கட்டுவாள். ராணிக்குக் கை மெல்லிசு."

"மெல்லிசோ."

கனகாம்பிகை கட்டிய கையோடு எழுந்து, இடக்கையால் பானையை இறக்கிவைத்துவிட்டு வந்தாள். "கலியாணம் முடிச்ச நாள் துவக்கம் நான் உங்களுக்கு இஞ்சேரப்பா. ஒருநாள் கனகம் எண்டு வாய் திறந்ததில்லை. அந்தப் பெட்டை மட்டும் காலமையும் ராணி, மத்தியானமும் ராணி."

"அது கம்பனியிலை கூப்பிடுற பேர்."

"அப்ப என்னையும் கம்பனியிலை சேத்துவிடுங்கோ."

பரமலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. பெண்சாதியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறதாவது. அவனுடைய தகப்பன் கூப்பிட்டதில்லை, தமையன் கூப்பிட்டதில்லை. இணுவிலிலேயே நாலு பேர் கேட்க அப்படிக் கூப்பிட்ட ஒரு ஆம்பிளையை அவன் கண்டதில்லை. பொறாமை பிடித்தவள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். தன்னுடைய வயிற்றில் புளித்துக்கொண்டிருந்ததற்கும் அதுதான் பெயர் என்று அவனுக்குத் தோன்றவில்லை. தனக்கு நடந்தது அநியாயம் என்றுதான் அவன் வைத்திருந்தான்.

ஒருநாள், பலாலியில் கம்பனியின் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சண்முகநாதன் இருவரையும் கூப்பிட்டார்.

"லண்டனுக்கு ஓட்டம் துவங்கப் போகினம். எங்கடை பக்கத்திலை இருந்து ஒராளைத்தான் எடுப்பினம். தூரப் பயணம் எல்லே, சனத்துக்கு வழியிலை வருத்தம் துன்பம் வந்தால் பாக்கத் தெரிஞ்ச ஆள் வேணுமாம். கப்டன்ரை சொல்லும் என்ரை சொல்லும்தான் கேப்பினம். ரெண்டு பேரும் கவனமா நடவுங்கோ."

அற்புதராணி, "ஓம் ஐயா" என்று சொல்லிவிட்டுப் பயணிகளை ஏற்றப் போனாள். பரமலிங்கத்தின் கால் மட்டும் நகரவில்லை. லண்டனில் பனியில் தான் கோட்டுப் போட்டு நிற்பதை அவன் கண்டான். அந்தக் காட்சியில் இடுப்பில் திறப்பும் இருந்தது.

அன்று பின்னேரமே இணுவில் கந்தசாமி கோயிலுக்குப் போய்க் கும்பிட்டான். கேட்ட வரம் விசித்திரமானது. ஆருக்காவது ஒரு மயக்கம் வரவேண்டும், முருகா. சின்ன மயக்கம். ஆபத்து ஒன்றும் வேண்டாம். ஆனால் அவள் பின்னுக்கு நிற்க, நான் கிட்ட நிற்கவேண்டும்.

வரம் உடனே கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் சத்திதான். வாந்தியை யாழ்ப்பாணத்தார் சத்தி என்பார்கள். மேகத்துக்குள் விமானம் விழுந்து எழும்புகிற போதெல்லாம், "தம்பி, சத்தி வருது" என்று ஒரு குரல் கேட்கும். பரமலிங்கம் கடதாசிப் பையோடு ஓடுவான். வாய்க்கு நேரே பையைப் பிடித்து, பிடரியில் கைவைத்துத் தலையைக் குனியவிடுவான். அதில் அவனுக்கு நிகர் அவன்தான். ஒருவருடைய வேட்டியும் நனைந்ததில்லை. ஆனால் சத்திக்குப் பை பிடித்தவனை லண்டனுக்கு அனுப்புவார்களா?

அவளுடைய வேலை முறையும் அவனுக்குப் பிடிக்கவில்லை. அவன் பயணிகளை இருக்கையைக் கொண்டுதான் ஞாபகம் வைத்திருப்பான். மூன்றாம் வரிசைச் சீனி போடாத கோப்பி, யன்னலோரத்து வெறும் தண்ணீர், அப்படி. அவளோ ஏறுகிறவர்களிடமெல்லாம் பெயர் கேட்பாள், ஊர் கேட்பாள், பிள்ளைகள் எத்தனை என்று கேட்பாள்.

"பேரும் ஊரும் கேக்க நாங்கள் என்ன ஊர் விதானைமாரே?" என்று ஒருமுறை அவன் சொன்னான்.

"விதானையார் கேட்டால் பயப்பிடுவினம் அண்ணை. நான் கேட்டால் சிரிக்கினம்."

சிரிக்கத்தான் செய்தார்கள். அதுவும் அவனுக்குப் புளித்தது.

அந்த மார்கழியில், சிதம்பரத்தில் திருவாதிரை பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் சிலர் மதராசில் ஏறினார்கள். அவர்களில் தெல்லிப்பழைத் தம்பிஐயாவும் அவருடைய மனைவியும் இருந்தார்கள். அவர் கறுத்தக் கோட்டும் தலைப்பாகையுமாக, ஆகாயமும் தன்னுடைய காணிதான் என்பது போல நிமிர்ந்து இருந்தார். அந்த அம்மா யன்னலோரத்தில் சால்வையால் போர்த்துக்கொண்டு ஒடுங்கியிருந்தார். "இஞ்சேர், பட்டியைக் கட்டு." "இஞ்சேர், கண்ணை மூடிக்கொண்டு இரு." அவர் அவவுக்குச் சொன்ன சொற்கள் எல்லாம் இஞ்சேரில்தான் தொடங்கின.

கடலுக்கு மேலே வந்தபோது அற்புதராணி அந்த அம்மாவிடம் குனிந்து கதைத்துக்கொண்டிருந்தாள். பரமலிங்கம் பின்னால் தேநீர்த் தட்டடியில் நின்று பார்த்தான். இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. வாய்கள் அசைவதுதான் தெரிந்தது. அம்மா வெட்கப்பட்டாற்போல் ஏதோ சொன்னார். அற்புதராணி அதைத் திருப்பிச் சொன்னாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தம்பிஐயாவின் மீசைகூடச் சற்று அசைந்தது. பக்கத்து வரிசையில் கப்டனுக்குத் தெரிந்த ஒரு துரை இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் கப்டன் காதுவழியாக லண்டனுக்குப் போகிற கதை என்று பரமலிங்கம் நினைத்தான்.

பலாலிக்கு இறங்கத் தொடங்கும்போது காது அடைக்கும். விழுங்கினால் விடும் என்பதற்காக எல்லாருக்கும் டொபி மிட்டாய் கொடுப்பது வழக்கம். அந்த டொபித் தட்டு பரமலிங்கத்தின் உரிமை. அற்புதராணி தன் இருக்கையில் பட்டி கட்டப் போய்விட்டாள். அவன் தட்டோடு தம்பிஐயாவின் வரிசையில் வந்து நின்றான். அவள் அந்த அம்மாவைச் சிரிக்க வைத்ததை விஞ்ச ஏதாவது செய்யவேண்டும் போலிருந்தது.

"அம்மா, ஒண்டு காணாது. இன்னொண்டு எடுங்கோ. காதுக்கு நல்லது."

அம்மா ஏற்கெனவே வாய்க்குள் ஒன்றை வைத்திருந்தார். மறுத்தால் பிள்ளை மனம் நோகும் என்று இரண்டாவதையும் போட்டுக்கொண்டார்.

விமானம் ஒருமுறை பலமாக விழுந்து எழுந்தது. பரமலிங்கம் நாலு வரிசை தாண்டியிருப்பான். பின்னால் ஒரு குரல் கேட்டது.

"சத்தி."

திரும்பிப் பார்த்தான். தம்பிஐயா பட்டியை இழுத்துக்கொண்டு பாதி எழும்பியிருந்தார். தலைப்பாகை சரிந்திருந்தது. முகத்தில் இரத்தம் இல்லை.

"சத்தி, சத்தி."

இது பெரிய சத்தி என்று பரமலிங்கம் கணக்குப் போட்டான். துரை பார்த்துக்கொண்டிருக்கிறார், அவள் பின்னுக்கு இருக்கிறாள். கந்தசாமியார் கேட்டதைத் தந்துவிட்டார். தட்டைப் போட்டுவிட்டுப் பாய்ந்தான். பையை விரித்து அவருடைய வாய்க்கு நேரே பிடித்தான். பிடரியில் கைவைத்துத் தலையைக் குனியவிட்டான்.

தம்பிஐயா பையைத் தட்டினார். அவன் மறுபடி பிடித்தான். அவர் அவனுடைய கையை உதறி, "சத்தி" என்று பைக்குள்ளேயே கத்தினார்.

"ஓம் ஐயா, ஓம். வரட்டும். அடக்காதேங்கோ."

"விடடா. சத்தி…"

அவர் திமிறத் திமிற இவன் குனியவிட்டான். சத்தி வருகிறவர்கள் வெட்கத்தில் திமிறுவது அவன் கண்டதுதான். அப்போது அந்தக் கிணுகிணுப்புக் கேட்டது. அற்புதராணி பட்டியை அவிழ்த்துக்கொண்டு, இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து வந்துகொண்டிருந்தாள்.

பரமலிங்கம் முழங்கையை விரித்து வழியை மறித்தான். "நான் பாக்கிறன். நீ போய் இரு."

"அண்ணை, அவரை விடுங்கோ."

"சொல்லுறன் எல்லே. சத்திதான்."

"சத்தி எண்டது அந்த அம்மாவின்ரை பேர். பராசக்தி."

அப்போதுதான் அவன் யன்னல் பக்கம் பார்த்தான். அந்த அம்மா ஒரு சத்தமும் போடவில்லை. சால்வை நழுவி விழுந்திருந்தது. ஒரு கை தொண்டையைப் பிடித்திருந்தது. உதடு நாவற்பழம் தின்றது போல் இருந்தது. கண்கள் அவனைத்தான் பார்த்தன, ஆனால் அவை எதையும் கேட்கிற கண்களாக இல்லை.

தொண்டையில் அடைத்தால் என்ன செய்வது என்ற பாடம் முழுவதும் அவனுடைய தலைக்குள் வரிசையாக ஓடியது. ஒரு சொல்லும் பிசகவில்லை. கை மட்டும் பையைப் பிடித்தபடி நின்றது.

அற்புதராணி அவனுடைய முழங்கையை ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். அம்மாவின் பட்டியை அவிழ்த்து, அவவை அப்படியே இழுத்துத் தம்பிஐயாவின் மடிக்குக் குறுக்கே முகங்குப்புறப் போட்டாள். தலை இருக்கைக்கு வெளியே கீழே தொங்கியது. தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி அடித்தாள். "அடியாதே பிள்ளை" என்று தம்பிஐயா அழுதார். அவள் அதைக் கேட்கவில்லை. இன்னும் ஓங்கி ஒரு அடி.

ஒரு டொபி தெறித்துப் பரமலிங்கத்தின் மினுக்கிய சப்பாத்தின்மேல் விழுந்தது. பின்னாலேயே மற்றதும் வந்தது. பிறகு ஒரு மூச்சு, கிணற்றுக் கப்பி இழுபடுவது போல நீளமாக.

விமானம் தரையைத் தொட்டபோது அந்த அம்மா இன்னும் கணவனின் மடியில்தான் கிடந்தார். அற்புதராணி நிலத்தில் குந்தியிருந்து அவவுடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். தம்பிஐயா மனைவியின் தலைமயிரை ஒதுக்கி, ஒதுக்கி, "சத்தி, சத்தி" என்றார். இப்போது அது மெதுவாக இருந்தது. பரமலிங்கம் அந்தச் சொல்லை ஆயிரம் தடவை கேட்டவன். அன்றுதான் அது ஒரு பெயர் போலக் கேட்டது.

சற்றுத் தெளிந்ததும் தம்பிஐயா அவனை நிமிர்ந்து பார்த்தார். "நான் என்ரை மனிசியைக் கூப்பிட்டனான் தம்பி. நாற்பது வரியமாக் கூப்பிடாத பேர். நீர் அதுக்குப் பை பிடிச்சீர்."

அவர் கோபித்திருந்தால் தாங்கியிருக்கலாம். அவருக்கே பிறகு சிரிப்பு வந்தது. முன்வரிசைகளில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பயம் போன சிரிப்பு. அது அடுத்த கிழமையே இணுவிலுக்கு நடந்து வந்து, அவன் இல்லாத இடங்களில் பரமலிங்கத்தைச் 'சத்தியர்' என்று குறிப்பிடுகிற அளவுக்கு வளர்ந்தது.

அலுவலகத்தில் சண்முகநாதன் இருவரையும் நிறுத்திக் கேட்டார். கப்டனும் பக்கத்தில் நின்றார்.

"ஆர் பாத்தது?"

அற்புதராணி பரமலிங்கத்தைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "பரமலிங்கம் அண்ணையும் நானும் சேர்ந்துதான் ஐயா."

அந்த ஒரு சொல்லில் லண்டன் இன்னும் அவனுக்கும் பாதி இருந்தது. பேசாமல் நின்றால் போதும். பேசாமல் நிற்கத்தான் முயன்றான். ஆனால் அவள் சொன்ன விதம், தன் தட்டில் இருப்பதில் ஒரு துண்டைப் பிய்த்துப் பக்கத்து இலையில் வைப்பது போல அவ்வளவு இலேசாக இருந்தது. திறப்பைப் போல இதுவும் அவளுடையது. இதைத் தின்றால் சாகும்வரை அவள் கையால் தின்றதாகிவிடும்.

"இல்லை ஐயா," என்றான். "நான் மனிசன்ரை வாயிலை பையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். மனிசியைக் கண்டது உவள். டொபி குடுத்ததும் நான்தான். ரெண்டு."

சண்முகநாதன் அவனுடைய தோளைத் தட்டினார். நேர்மையான ஆள் என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறார். அதில் எவ்வளவு நேர்மை, எவ்வளவு எரிவு என்று பரமலிங்கத்துக்குத்தான் தெரியும். அற்புதராணிக்கும் தெரிந்திருக்கலாம். அவள் அவனை ஒருமாதிரிப் பார்த்தாள்.

லண்டன் ஓட்டத்துக்கு அவளைத்தான் எடுத்தார்கள். போகிற நாளில் தேநீர்த் தட்டடியில் நின்று பட்டியிலிருந்து திறப்பைக் கழற்றினாள்.

"இது இனி உங்களுக்கு அண்ணை."

"நீ விட்ட மிச்சம்தானே," என்றான்.

"நான் வரேக்கை தட்டுப் பிடிக்கக் காட்டித் தந்தது ஆர்? அதுவும் நீங்கள் விட்ட மிச்சம்தானே."

அவன் கையை நீட்டினான். திறப்பைத் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டு முன்னுக்கும் பின்னுக்கும் நடந்து பார்த்தான். எஞ்சின் இரைச்சல்தான் கேட்டது. எத்தனை நாள் செவி கூர்ந்திருந்த சத்தம், தன் இடுப்புக்கு வந்ததும் இல்லாமல் போய்விட்டது.

அன்று பின்னேரம் இணுவில் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தான். கனகாம்பிகை பின்வளவில் கிணற்றடியில் நின்றாள். அந்த மார்கழிக்குப் பிறகு பல நாள் அவன் கூப்பிட்டுப் பார்க்க நினைத்து, சொல் தொண்டைக்குள் வந்து நின்று, கடைசியில் இஞ்சேரப்பா என்று முடிந்திருக்கிறது. அன்று சொல் வெளியே விழுந்தது.

"கனகம்."

வாளி கிணற்றுக்குள் விழுகிற சத்தம் கேட்டது. அவள் ஈரக் கையோடு ஓடிவந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை."

"அப்ப ஏன் பேர் சொன்னனீங்கள்?"

அவன் சுவரைப் பார்த்தான். "அவள் லண்டனுக்குப் போயிட்டாள்."

"ஆர்?"

"செபநாயகத்தின்ரை மகள்."

கனகாம்பிகை அவனைக் கூர்ந்து பார்த்தாள். அந்த வாயிலிருந்து வழக்கமாக வருகிற பெயர் வரவில்லை என்பதை அவள் கவனித்தாள். இடுப்பில் தொங்கிய திறப்பையும் கண்டாள். முந்தானையில் ஈரத்தைத் துடைத்துவிட்டு, அவனுக்கு முன்னால் அமர்ந்து வலக்கையை நீட்டினாள்.

"இந்தாங்கோ. இண்டைக்கு எவடத்திலை முறிஞ்சது?"